மூக்கை நம்ப முடியாது! வீட்டுப் பக்கத்தில் எரிவாயுக் கிணறு இருந்தால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

2014 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. ஆந்திராவின் கோதாவரி டெல்டாவில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். அதன் பெயர் 'நகரம்'. அன்று சரியாக விடியக்கூட இல்லை. ஊரை ஒட்டி ஓடும் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாயிலிருந்து வாயு கசிந்து, இருட்டோடு இருட்டாகத் தெருக்களில் பரவியிருந்தது. ஒரு சின்னத் தீப்பொறி போதுமானதாக இருந்தது. டீக்கடையில் பற்றவைத்த அடுப்புதான் காரணம் என்று அப்போது செய்திகள் வெளியாகின. வீடுகள், கடைகள், தென்னை மரங்கள் எல்லாம் எரிந்தன. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தூக்கத்திலேயே சிக்கிக்கொண்டவர்கள்.

விசாரணையில் தெரிந்த விஷயம் எளிமையானது. அந்தக் குழாய், ஈரம் நீக்கிய வாயுவைக் கொண்டுபோக அமைக்கப்பட்டது. அதில் போனதோ நீரும் திரவமும் கலந்த வாயு. நீர் குழாயின் உள்ளே தங்கித் தங்கி இரும்பை அரித்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விபத்து நடந்த இடத்தில் யாரும் எதையும் தோண்டிக்கொண்டிருக்கவில்லை. 'எரிவாயு எடுக்கிறார்கள்' என்றதும் நம் கண்ணுக்கு முன் வருவது வானுயர நிற்கும் 'ரிக்' கோபுரம்தான். அது சில மாதங்கள் நிற்கும், பிறகு கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். ஊரும் பெருமூச்சு விடும். ஆனால் வால்வுகளும், வாயுவைச் சேகரிக்கும் நிலையமும், வயலுக்கு அடியில் ஓடும் குழாயும் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். பக்கத்தில் வாழ்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி, கோபுரம் போன பிறகு நடப்பதைப் பற்றியதுதான்.

கேஸ் வாசனை எங்கிருந்து வருகிறது?

சமையலறையில் சிலிண்டர் கசிந்தால் அழுகிய முட்டைக்கோஸ் போல ஒரு நாற்றம் வருமே, அது வாயுவின் சொந்த நாற்றம் அல்ல. கசிவு தெரியவேண்டும் என்பதற்காக 'மெர்காப்டன்' வகை வேதிப்பொருளை ஒரு துளி கலந்து அனுப்புகிறார்கள். கிணற்றிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வயல்வெளியில் ஓடும் பெரிய குழாய்களில் பொதுவாக மணப்பொருள் கலப்பதில்லை. சில கிணறுகளின் வாயுவோடு பெட்ரோல் வாசனையுள்ள திரவம் சேர்ந்து வரும். சிலவற்றில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். இந்த இரண்டாவது வாயு இன்னும் மோசம். அளவு கூடும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். 'நாற்றம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது' என்று நினைப்போம். உண்மையில் நின்றது மூக்கின் வேலைதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே எழும்பும். திறந்த வெளியில் கலைந்து போய்விடும். ஓட்டு வீட்டின் கூரைக்கு அடியிலோ, மூடிய மோட்டார் அறையிலோ தேங்கினால்தான் சிக்கல். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவிகிதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

அப்படியானால் கசிவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? காதாலும் கண்ணாலும். 'உஸ்ஸ்' என்று இடைவிடாத சத்தம், காய்ந்த நிலத்தில் புழுதி தானாகக் கிளம்புவது, வயலில் தேங்கிய நீரில் ஒரே இடத்தில் தொடர்ந்து குமிழி, பச்சைப் பயிருக்கு நடுவே ஒரு கோடு மட்டும் பழுத்துக் கருகுவது... இவற்றைப் பார்த்தால் அசட்டையாக இருக்கக் கூடாது.

பூமிக்குள் என்ன நடக்கிறது?

நம் காவிரி டெல்டாவுக்கு எரிவாயு புதிதல்ல. நரிமணத்தில் 1980-களின் நடுவில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 1993-ல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. குத்தாலத்திலும் கோவில்களப்பாளிலும் இருக்கும் மின் நிலையங்கள் எரிவாயுவில்தான் ஓடுகின்றன. வயலுக்கு நடுவே வேலி போட்ட ஒரு சதுரம், உள்ளே வால்வுகள் அடுக்கிய இரும்புக் கொத்து, தூரத்தில் இரவு பகலாக எரியும் ஒரு தீ என்று டெல்டாக்காரர்களுக்குப் பழகிய காட்சிதான் இது.

வாயு இருப்பது பல ஆயிரம் அடி ஆழத்தில். நாம் குடிக்கும் தண்ணீர் இருப்பதோ மேலே சில நூறு அடிகளுக்குள். கீழே போக வேண்டுமென்றால் தண்ணீர் அடுக்கைத் துளைத்துத்தான் போக வேண்டும். அதற்காக இரும்புக் குழாயை இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளியில் சிமென்ட்டைச் செலுத்துவார்கள். நன்னீரையும் வாயுவையும் பிரித்து வைப்பது அந்தச் சிமென்ட்டும் இரும்பும்தான். சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் போனாலோ, வருடங்கள் ஆகி விரிசல் விட்டாலோ, வாயு அந்த இடுக்கு வழியாக மேலே ஏறும். ஆழத்தில் தோண்டுவதால் மட்டுமே தண்ணீர் கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது. 'இத்தனை ஆழத்தில் தோண்டுகிறோம், உங்கள் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது' என்ற பதிலும் பாதி உண்மைதான். மீதிப் பாதி அந்தச் சிமென்ட்டில் இருக்கிறது.

துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக் கலவை, வெளியே வரும் கல்தூள், வாயுவோடு வெளிவரும் உப்பு நீர் ஆகிய மூன்றும் எங்கே போகின்றன என்பது அடுத்த கேள்வி. தார்ப்பாய் விரித்த குழியில் தேக்குவார்கள். கனமழையில் அந்தக் குழி நிரம்பி வழிந்தால், பக்கத்து வாய்க்கால்தான் அதற்குப் போக்கிடம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை எப்படிக் கொட்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே ஒரு சொல்லையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'ஹைட்ரோகார்பன் திட்டம்' என்பது ஒரு பொதுப்பெயர். மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த கொள்கைப்படி ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றையும் தேடலாம். ஆனால் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இவை நான்கும் ஒன்றல்ல. நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க, முதலில் அங்கிருக்கும் நீரை இறைத்து வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மன்னார்குடி வட்டாரத்தில் 2010-ல் ஒப்பந்தமான மீத்தேன் திட்டத்தை விவசாயிகள் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கு முக்கியக் காரணம் இந்த நீர் இறைப்புதான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் காலமானதும் அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதுதான். ஷேல் வாயுவுக்கோ, நீரையும் வேதிப்பொருளையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஆகவே உங்கள் ஊருக்கு ஒரு திட்டம் வருகிறதென்றால் முதல் கேள்வி, 'இந்த நான்கில் எது?'

முதலில் ஒரு பாட்டில் தண்ணீர்

தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி-யின் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வயலில் கச்சா எண்ணெய் பரவியது. மக்கள் திரண்டார்கள், வைக்கோல் எரிந்தது, போலீஸ் தடியடி நடத்தியது, கைதுகள் நடந்தன. ஊரின் குடிநீர் நிறம் மாறிவிட்டது என்றார்கள் மக்கள். அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றது நிறுவனம்.

இந்த மாதிரி வாக்குவாதம் உலகம் முழுக்க ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறது. 'முன்பு தண்ணீர் எப்படி இருந்தது?' என்ற கேள்வி எழும்போது, மக்களின் கையில் நினைவு மட்டுமே இருக்கும். டெல்டாவில் இது இரட்டைச் சிக்கல். கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பேறி வருகிறது. பழைய சதுப்பு நிலங்களில் மீத்தேன் குமிழி இயற்கையாகவும் வரும். எனவே உப்பும் குமிழியும் மட்டும் சாட்சியாக நிற்காது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிமோக் என்ற சிற்றூர். 2009 புத்தாண்டு நாளில் அங்கே ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. வாயு நிறுவனத்தின் கிணறுகளிலிருந்து மீத்தேன் குடிநீருக்குள் வந்துவிட்டது என்றது அரசுத் தரப்பு. நிறுவனம் மறுத்தது. 2022 நவம்பரில்தான் அது குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், ஊருக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டது. இடையில் ஓடியது ஏறத்தாழ 14 ஆண்டுகள்! அந்த மாநிலத்தில் 2012-ல் வந்த சட்டம் சொல்வது இது: ஷேல் வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், 12 மாதங்களுக்குள் குடிநீர் கெட்டால், அதற்கு நிறுவனமே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. அதனால் அங்கே தோண்டுவதற்கு முன் பக்கத்துக் கிணறுகளின் நீரைப் பரிசோதிப்பதில் நிறுவனங்களே அவசரம் காட்டுகின்றன.

அப்படியொரு சட்டம் இங்கே இல்லை. அதனால் அவசரம் குடும்பத்துக்குத்தான் இருக்க வேண்டும். ரிக் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே வீட்டு போர் தண்ணீரைப் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். வழக்கமான டி.டி.எஸ்., குளோரைடு, பி.எச். போதாது. எண்ணெய் மற்றும் கிரீஸ், பேரியம், கரைந்த மீத்தேன் ஆகியவற்றையும் எங்கே பார்க்கலாம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பேரியம் எதற்கு? துளையிடும் சேற்றுக் கலவையைக் கனமாக்க 'பேரைட்' என்ற தாதுவைச் சேர்ப்பார்கள். அதில் இருப்பது பேரியம்தான். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை எடுத்தால் நல்லது. ஒரு வீட்டுக்குச் செலவு அதிகம் என்றால் தெருவுக்கு ஒரு போர் என்று பத்து வீட்டார் சேர்ந்து செய்யலாம். மாதிரி எடுக்கும்போது வி.ஏ.ஓ-வோ, ஊராட்சித் தலைவரோ உடன் இருந்து கையெழுத்திட்டால் பின்னால் யாரும் குறை சொல்ல முடியாது.

நிலம் யாருக்கு, அடியில் இருப்பது யாருக்கு?

பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம். பூமிக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் அரசுக்குச் சொந்தம். கிணறு அமைக்க நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது ஒரு வகை. குழாய் பதிப்பது வேறு வகை. அதற்கு 1962-ல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது. அதன்படி நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதில்லை, நிலத்தைப் 'பயன்படுத்தும் உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் நீங்கள் வீடு கட்ட முடியாது, கிணறோ குளமோ வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. ஈடு என்ன? பயிர், மரச் சேதங்களுக்கான இழப்பீடு தவிர, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவிகிதம். அரசிதழில் அறிவிப்பு வந்த 21 நாள்களுக்குள் ஆட்சேபனை தெரிவிக்க வேண்டும். அரசிதழை எந்த விவசாயி தினமும் புரட்டுகிறார் என்று கேட்கக் கூடாது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கொங்கு மாவட்டங்களில் கெயில் குழாயை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016-ல் தோற்றதும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான்.

'டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டதே' என்று பலர் நினைக்கிறார்கள். 2020-ல் சட்டசபையில் நிறைவேறிய அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடை செய்கிறது, உண்மைதான். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. பழைய கிணறுகளும் பழைய குழாய்களும் அப்படியேதான் இருக்கின்றன. வயதாவது மட்டும் நிற்கவில்லை. எல்லா மாவட்டங்களும் அதற்குள் வரவும் இல்லை.

அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு இன்னொரு மாற்றத்தைச் செய்தது. எண்ணெய், எரிவாயு 'இருக்கிறதா' என்று தேடும் சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. உற்பத்திக் கட்டத்துக்குப் போனால்தான் தேவை. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த செய்தி 2025-ல் வெளியானபோது மக்கள் அதிர்ந்தது இதனால்தான். எதிர்ப்பு கிளம்பியதும் அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு.

கூட்டம் இல்லையென்றாலும் காகிதம் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நகலை நிறுவனம் சம்பந்தப்பட்ட ஊராட்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கையாகத் தர வேண்டும் என்பதும் அப்படியே. மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் செல்போனிலேயே பார்க்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் 'அந்தக் கடிதம் வந்ததா?' என்று கேளுங்கள். வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போதும். இன்னொன்று, எண்ணெய்க் கிணறும் சட்டத்தின் பார்வையில் சுரங்கம்தான். அதனால் கிணற்றின் பாதுகாப்பு பற்றிய புகாரை சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் அனுப்பலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

எவ்வளவு தூரம் தள்ளி இருந்தால் நிம்மதி?

அசாமின் பாக்ஜான் கிராமத்தில், ஆயில் இந்தியா நிறுவனத்தின் 5-ம் எண் கிணறு 2020 மே 27 அன்று கட்டுப்பாட்டை இழந்தது. வாயு பீறிட்டு வெளியேறியது. எண்ணெய்த் துளிகள் தேயிலைச் செடிகள் மேலும் ஏரி மேலும் வீடுகள் மேலும் படிந்தன. 13 நாள் கழித்து, ஜூன் 9 அன்று தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். பல வீடுகள் சாம்பலாயின, ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். தீ முழுமையாக அணைந்தது நவம்பர் 15 அன்று. அதற்கு முன்பு, 1995 ஜனவரியில் கோதாவரி டெல்டாவின் பாசர்லப்பூடியில் ஓ.என்.ஜி.சி. கிணறு ஒன்று வெடித்து இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது.

இவை அபூர்வம்தான். ஆயிரக்கணக்கான கிணறுகளில் ஒன்றில் நடப்பது. ஆனால் நடந்தால் வேலிக்குள் நிற்பதில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான், வீடு, பள்ளி, மருத்துவமனையிலிருந்து 3,200 அடிக்குள் புதிய கிணறு கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. அதாவது, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நெருக்கமாக ஊர்கள் இருக்கும் டெல்டாவில் அந்த ஒரு கிலோமீட்டரை வரைந்து பார்த்தால், உள்ளே இரண்டு பள்ளிக்கூடமாவது வந்துவிடும்.

அப்படி ஏதேனும் நடந்தால் முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் திசை நோக்கி நடங்கள். பைக்கை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். வீட்டில் எரியும் விளக்கை அணைக்கக்கூட சுவிட்சைத் தொட வேண்டாம், போடும்போது வரும் பொறி அணைக்கும்போதும் வரும். செல்போனை நல்ல தூரம் போன பிறகு எடுத்து 112-க்கு அழையுங்கள். குழாய் போகும் பாதையில் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகையில் நிறுவனத்தின் அவசர எண் இருக்கும். அதை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கசிந்த எண்ணெயைக் குடத்தில் பிடிக்கப் போவது மட்டும் எக்காரணத்துக்காகவும் வேண்டாம். சேகரிப்பு நிலையத்தில் எப்போதும் எரியும் தீ அணைந்து, வாயு சீறும் சத்தம் மட்டும் கேட்டால், அதுவும் சொல்ல வேண்டிய செய்திதான்.

விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் நிறுவனத்தின் தவறை நிரூபிக்காமலேயே உடனடி நிவாரணம் கேட்க 1991-ம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வழிசெய்கிறது. மனுவைக் கலெக்டரிடம் தர வேண்டும். விபத்து நடந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தர வேண்டும். முழு இழப்பீட்டுக்கான வழக்கைத் தனியாகவும் தொடரலாம்.

கடைசியாக, டெல்டா ஊர்களில் மனை வாங்குகிறவர்களுக்கு. குழாய்க்கான உரிமை அரசிதழ் அறிவிப்பு மூலம் வருவது என்பதால் வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மனையைச் சுற்றி நடந்து எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். கைவிட்ட பழைய கிணறு அருகில் இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்தால், அது சிமென்ட் இட்டு முறையாக மூடப்பட்டதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். போர் போடுவதற்கும், ஜே.சி.பி. வைத்துக் கடைக்கால் தோண்டுவதற்கும் முன்பு பலகையில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். குழாய் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று அவர்கள் வந்து காட்டிய பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.